அடுத்த நடை

"மஞ்சள் காமாலை. தண்ணியாலதான் வந்திருக்கு" என்றார் டாக்டர்.

சேக்காட்டில் அவர்களுடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்த நோயில் படுக்கும் மூன்றாவது குழந்தை இது. முதல் குழந்தை இன்னும் ஐ.சி.யூ.வில் கிடக்கிறது. மகள் ஜெனிஷாவின் கண்ணைப் பார்க்கவே அருள்செல்விக்குப் பயமாக இருந்தது.

"டேங்கர்காரன் எங்கே தண்ணி பிடிக்கிறான்னு இன்னைக்குப் பார்த்துடறேன். நீங்க பாப்பாகூட இருங்க."

"தனியாவா போற? ஏதாவது பண்ணிடப் போறானுங்க" என்றான் கணவன் இக்னேஷியஸ்.

"அசோசியேஷன் செகரட்டரின்னு பேர் மட்டும் இருந்தா போதுமா?"

ஸ்கூட்டரை எடுக்கும்போது போன் வந்தது. செப்டிக் டேங்க் லாரிக்காரன்.

"மேடம், இன்னும் பாதி டேங்க் கீது. அடுத்த நடைக்குக் கொஞ்சம் லேட்டாவும்."

"லேட்டெல்லாம் ஆகக் கூடாதுப்பா. வீட்ல குழந்தைக்கு உடம்பு சரியில்ல, நாத்தம் தாங்கல. சீக்கிரம் கொட்டிட்டு வா."

அவள் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்த தண்ணீர் டேங்கர் பூந்தமல்லி தாண்டி, ஒரு பொட்டல் காட்டுக் கிணற்றோரம் நின்றது. சுற்றிலும் ஆள் நடமாட்டமே இல்லை. திரும்பிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"இன்னா மேடம், பின்னாலயே வந்துகினு கீறீங்க?" டிரைவர் பாபு இறங்கி வந்தான்.

"எங்க குழந்தைங்க சாகக் கிடக்குது. என்ன தண்ணிப்பா இது?"

"என் ஊட்லயும் இதே தண்ணிதான் மேடம். என் பொண்ணும் இதைத்தான் குடிக்குது."

பதில் சொல்ல வாயெடுத்தவளுக்குக் குமட்டியது. அப்படி ஒரு நாற்றம்.

கிணற்றுக்குப் பின்னால் முள்வேலி. அதற்குப் பின்னால் இன்னொரு லாரி. அதன் பைப்பிலிருந்து கறுப்பாகக் கொட்டி, கிணற்றை ஒட்டிய பள்ளத்தில் தேங்கிக்கொண்டிருந்தது.

பாபுவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, இது எப்பலேர்ந்து மேடம்?"

அருள்செல்வி போனில் வீடியோ எடுத்தாள். லாரியோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவனைப் பார்த்துக் கத்தினாள்.

"குழந்தைங்களைக் கொல்றியேடா பாவி. எந்த பில்டிங் சாக்கடை இது? பேரைச் சொல்லு. அவங்களையும் சேர்த்து ஜெயிலுக்கு அனுப்பறேன்."

அவன் திரும்பினான். அவளைப் பார்த்ததும் அவசர அவசரமாகப் பைப்பைச் சுருட்டினான்.

"கோச்சுக்காதீங்க மேடம். சாக்கடை சுத்தம் பண்ற பிளான்ட்டாண்ட போனா கியூவுல சாயங்காலம் ஆயிடும். நீங்க அவசரம்னு சொன்னீங்களேன்னுதான், எப்பவும்போல இங்கயே வுட்டேன். தோ, உங்க அடுத்த நடைக்குத்தான் கெளம்பிகினே கீறேன்."