பத்துக்கு எட்டு

பீரை ருசி பார்த்து விமர்சனம் சொல்வது அவர் தொழில். மூன்றாவது மடக்கும் உள்ளே போயிற்று. நெற்றியெல்லாம் வியர்வை.

கேமராவுக்குப் பின்னால் நின்ற மனைவி பொறுமையிழந்தாள். “சீக்கிரம் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள வீடியோ போகலைன்னா கம்பெனிக்காரன் வேற ஆளைப் பார்த்துக்குவான்.”

“அவசரப்படுத்தாதே. இந்த நாக்குதான் நமக்குச் சோறு போடுது.”

கண்ணை இறுக மூடினார். ஏதாவது சிக்காதா என்று வாய் முழுக்கச் சுழற்றி விழுங்கினார். பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

“மெக்சிகோ லைட் லாகர் பீர். தண்ணி மாதிரி லேசு. முதல்ல சோளத்தோட இனிப்பு, கடைசியில துளிக் கசப்பு. வெயிலுக்கு எலுமிச்சைத் துண்டோட அருமையா இருக்கும். பத்துக்கு எட்டு!”

மனைவி கேமராவை அணைத்தாள்.

“அந்த கிளாஸ்ல ரெண்டு கரண்டி வினிகர் ஊத்தியிருந்தேன்.”

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

“காய்ச்சல் விட்டதிலேருந்து எந்த ருசியும் தெரியலடி. எந்த மருந்துக்கும் கேக்கல. வெளியில தெரிஞ்சா பொழப்பே போயிடும். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“கட்டிக்கிட்டதிலேருந்து குறை மட்டுமே சொன்ன மனுஷன், ஒரு மாசமா என் சமையலை ஆஹா ஓஹோன்னு புகழ்ந்தா சந்தேகம் வராதா?”