வாசலுக்கு வந்த கார்

"ஏளா, ஸ்டூல நல்லாப் புடி! பிள்ள மூஞ்சி சாஞ்சு கெடக்கு பாரு."

ஆடிக் காற்றில் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கிய ஃப்ளெக்ஸை மாடக்கண்ணு இழுத்துக் கட்டினார். மாப்பிள்ளையூரணி மெயின் ரோட்டில், அவருடைய பலசரக்குக் கடைக்கு மேலே மகள் சந்தனச்செல்வி சிரித்தாள். 'பிளஸ் டூவில் பள்ளியின் முதல் மாணவி.' அதற்குக் கீழே தனியார் பள்ளியின் பெயர், செல்வியின் பெயரைவிடப் பெரிதாக.

"செல்விய வெளிய வரச் சொல்லு. நேரா இருக்கான்னு அவளே பாக்கட்டும்."

"காலைலருந்து போன வச்சுக்கிட்டு உள்ள கெடக்கா. கூப்பிட்டா வர மாட்டேங்கா" என்றாள் மனைவி இசக்கித்தாய்.

"டாக்டருக்குப் படிக்கப் போறவல்லா, வெக்கப்படுதா."

மனுஷனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொடங்கிய பெருமை. பத்தாம் வகுப்பில் அரசுப் பள்ளியின் முதல் ரேங்க் செல்விதான். ரிசல்ட் வந்த மறுநாளே இந்தத் தனியார் பள்ளித் தாளாளர் காரில் வந்து இறங்கி, மாடக்கண்ணுவுக்குச் சால்வை போர்த்தினார்.

"ஃபீஸே வேண்டாம் அண்ணாச்சி. டி.சி. வாங்கக்கூட நம்ம கார்லயே போயிருவோம்."

வாசலில் கார் நின்ற கதையைக் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சீனியோடு சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது இன்னும் நிற்கவில்லை.

ஸ்டூலிலிருந்து இறங்கியபோது சரண்யாதேவி மக்ரூன் மிட்டாய் டப்பாவோடு நின்றாள். உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவரின் மகள். செல்வியின் பழைய வகுப்புத் தோழி, எப்போதும் அவளுக்கு அடுத்த ரேங்க். பிளஸ் டூவையும் அதே அரசுப் பள்ளியில் முடித்தவள்.

"எனக்கு எம்.பி.பி.எஸ். சீட் கெடச்சிருக்கு, மாமா."

"அட! அப்ப எங்க செல்விக்கும் கெடச்சிருக்குமே! நீட்ல உன்னவிட அறுபது மார்க் கூடல்லா அவ?"

சரண்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளுக்கு வரல, மாமா. காலைலயே போன்ல பாத்துட்டா."

"ஒனக்கு மட்டும் எப்படிம்மா?"

"அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்குல்லா, அதுல."

"செல்வியும் அங்கன படிச்சவதான?"

"பத்து வரைக்கும்தான மாமா படிச்சா. பன்னெண்டு வரைக்கும் அங்கனயே படிச்சிருக்கணும்."

மாடக்கண்ணு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து செல்வி விசும்புவது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. டி.சி.க்குச் சால்வையோடு போய்க் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

"நீயாவது வெவரமா அங்கனயே இருந்துட்டியே, தாயி..."

சரண்யாவின் கண்ணும் கலங்கியது.

"வெவரமெல்லாம் இல்ல, மாமா. ரெண்டாவது ரேங்க்குக்குக் கார் வரல."