ம்பேவே விட்ட ஓட்டை

பழைய ஆட்சியில் தடுப்புக்காவல் சட்டத்தை எழுதியவர் அரசு வக்கீல் ம்பேவே. அப்பாவிகள் தப்பிக்கட்டும் என்று வேண்டுமென்றே அதில் ஒரு ஓட்டை விட்டிருந்தார். அதைச் சொல்லி வாதாட அன்று எந்த வக்கீலுக்கும் துணிச்சல் வரவில்லை.

ஆட்சி மாறியது, சட்டம் மாறவில்லை. ஒருநாள் லிலோங்வே நகரில் இருந்த அவருடைய வீட்டுக்கு இளம் வக்கீல் சிசோம்பா ஓடிவந்தான்.

"ஐயா, நீங்க விட்ட ஓட்டை வேலை செஞ்சிருச்சு! என் கட்சிக்காரரை இன்னைக்கு விட்டுட்டாங்க!"

ம்பேவேக்குக் கண் கலங்கியது. "இதுக்குத்தாம்ப்பா இத்தனை வருஷமா காத்திருந்தேன். எஸ்தர், தம்பிக்கு டீ கொண்டா! யாருப்பா அந்த அதிர்ஷ்டசாலி?"

"பழைய இன்ஸ்பெக்டர் கலுவா."

டீயோடு வந்த மனைவி எஸ்தர் அப்படியே நின்றாள்.

"என்னங்க, நீங்க எழுதின சட்டத்துல நம்ம பையன் யாமிகானியைப் பிடிச்சு, லாக்கப்புல அடிச்சே கொன்னானே... அவனா?"