அபூர்வ இனம்

"அப்பாயின்ட்மென்ட் இருக்கா?"

கேட்கும்போதே வரவேற்புப் பெண்ணுக்குப் பதில் தெரிந்துவிட்டது. கழுத்தில் அளவு நாடா தொங்க, லைனிங் துணியில் சுற்றிய நாயை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க நிற்கிறவருக்கு அது எங்கே இருக்கப்போகிறது?

"இல்லம்மா. தையல் கடையிலேர்ந்து அப்படியே ஓடி வர்றேன். கோட்டு பட்டனை முழுங்கிட்டான். தொண்டையில நிக்குது."

நாய் வாயைத் திறந்து திறந்து மூடியது. எச்சில் நூல் நூலாக வழிந்தது.

டாக்டர் உள்ளே ஒரு பூனைக்குக் காது சுத்தம் செய்துகொண்டிருந்தார். அடுத்த முறை, சோபாவில் உட்கார்ந்திருந்த மேடத்துடையது. மடியில் பேபி. வெள்ளைப் பஞ்சுப் பொதி மாதிரி உடம்பு, அதன்மேல் நீலக் கோட்டு, தங்க நிறப் பட்டன்கள். நகம் வெட்டிக்கொள்ள வந்திருந்தது.

"மேடம், இவரை முன்னால அனுப்பட்டுமா? அவசரம்."

"தெருநாயா?"

"நான் வளர்க்கிறதுதாங்க" என்றார் தையல்காரர்.

"அதான் பார்த்தாலே தெரியுதே. கவர்மென்ட் ஆஸ்பத்திரி எதுக்குப்பா இருக்கு?"

"மத்தியானத்தோட மூடிட்டாங்களாம்."

"அதுக்கு என் பேபி காத்துக்கிடக்கணுமா?" மேடம் வரவேற்புப் பெண்ணிடம் திரும்பினாள். "தெருநாய்னாலே எனக்கு ஆகாதும்மா. போன வருஷம் கேட்டு திறந்திருந்தப்போ ஒண்ணு உள்ள பூந்து... சொல்லவே கூசுது. குட்டி வேற! டிரைவர்கிட்ட சொல்லி எங்கேயோ விட்டுட்டு வரச் சொல்லிட்டேன்."

வரவேற்புப் பெண் கையைப் பிசைந்தாள். வரிசையை மாற்றினால் ஆளையும் மாற்றிவிடுவேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாடிக்கையாளரே விட்டுக்கொடுத்தால்தான் உண்டு.

அவளுக்கும் மாட்டு டாக்டராகவாவது ஆகிவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசை இருந்தது. மதிப்பெண்ணும் இருந்தது. டாக்டரின் அப்பாவால் மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப முடிந்தது. அவளுடைய அப்பாவால் முடிந்தது பேருந்து நிலையம் வரை. ஆகவே அவர் கதவுக்கு உள்ளே இருந்தார், அவள் வெளியே.

கம்ப்யூட்டரில் நாயின் இனத்தைக் கேட்டு ஒரு கட்டம் கண்சிமிட்டியது. எதிர்ச் சுவர்க் காலண்டரில் பனிமலை.

"ஐயையோ!" என்று வரவேற்புப் பெண் எழுந்தேவிட்டாள். "இது ஸ்நோ மவுண்டன் ஹவுண்ட் ஆச்சே! படத்துலதான் பார்த்திருக்கேன்!"

தையல்காரர் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு நாய் எதுவும் வந்திருக்கவில்லை.

"என்ன ஹவுண்ட்?" மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"ஸ்நோ மவுண்டன், மேடம். உலகத்துலயே கைவிரல்ல எண்ணிடலாம். இல்லீங்களா சார்?"

"ஆ... ஆமாம்மா" என்றார் தையல்காரர். "எங்க தெருவுல இது ஒண்ணுதான்."

மேடம் கிட்டே வந்து பார்த்தாள். "அதானே பார்த்தேன்! அந்த மூக்கும் வாலும்! வம்சம்னு ஒண்ணு இருந்தா முகத்துல எழுதி ஒட்டியிருக்கும்."

பேபி மேடத்தின் கையிலிருந்து முன்னால் எம்பியது. யாரைக் கண்டாலும் உறுமுகிற பேபி, துணிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த காதை நக்கு நக்கென்று நக்கியது.

"பார்த்தீங்களா! எங்க பேபி தராதரம் பார்க்காம யார்கிட்டயும் பழகமாட்டா. நீங்க முன்னால போங்க சார். நகம் எங்க போயிடப்போகுது?"

கதவு திறந்து பூனை வெளியே வந்தது. தையல்காரர் உள்ளே ஓடினார். மேடமும் விடவில்லை, வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

டாக்டர் நாயைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த இனத்தைப் பார்த்தார். வரவேற்புப் பெண்ணைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். மேடம் டாக்டரையே பார்த்தாள்.

"ம்... ஸ்நோ மவுண்டன்" என்றார் டாக்டர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "வெளிநாட்டுல படிக்கும்போது ஒண்ணு பார்த்தது. ரொம்ப சென்சிட்டிவ்வான இனம்."

ஊசி போட்டு மயங்கவைத்து, இடுக்கியை விட்டு இழுத்ததில் பட்டன் வந்தது. நாய் நீளமாக ஒரு மூச்சு விட்டது. தையல்காரர் சுவரில் சாய்ந்து அளவு நாடாவாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாய் கண் விழித்துத் தள்ளாடியபடி வெளியே வந்ததும் மேடம் வழிமறித்தாள்.

"சார், இந்த வம்சத்துல எனக்கு ஒரு குட்டி வேணுமே. எங்க கிடைக்கும்?"

தையல்காரர் நாயின் தலையைத் தடவிக்கொடுத்தார். கையிலிருந்த பட்டன் மினுங்கியது. மேடம் அதைக் குனிந்து பார்த்தாள்.

"எங்க பேபி கோட்டு பட்டன் மாதிரியே இருக்கே?"

அப்போதுதான் அவர் பேபியின் கோட்டைச் சரியாகக் கவனித்தார். முகம் மலர்ந்தது.

"அட, அந்தப் பேபியா! இது நான் தச்ச கோட்டு மேடம். பேபி பிறந்தநாளுக்குச் சிவப்புல இன்னொண்ணு தச்சுக்கிட்டிருந்தேன், அதோட பட்டனைத்தான் முழுங்கிட்டான். உங்க டிரைவர்தானே துணி கொண்டாந்து கொடுப்பாரு!"

"அந்த டெய்லர் நீங்கதானா! பேபியைக் கண்ணால பார்க்காமலே இப்படிக் கச்சிதமா தைக்கிறாரேன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுவேன். அளவே எடுக்காம எப்படி சார்?"

"இவனுக்குப் போட்டுப் பார்த்துத்தான் மேடம். இவனைக் குட்டியா என் கடை வாசல்ல கொண்டாந்து விட்ட உங்க டிரைவர்தான் சொன்னாரு, தாயும் பிள்ளையும் ஒரே அளவுதான்னு."