காதோரப் பார்வை

அவள் கன்னத்தில் விழுந்த வெள்ளைப் புள்ளிக்குத் தோல் டாக்டர் ‘மேக்யூல்’ என்று பெயர் சொன்னார். அவள் வீட்டில் வாய் திறக்கவில்லை. பார்த்தால் தெரியாதா என்ன?

தெரிந்துவிட்டது போலிருந்தது. தையல்காரக் கணவன் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டு, காதோரம் பார்த்தே பேசினான்.

புள்ளி விழுந்த ஆறாம் மாதம் பெட்டியைக் கட்டினாள்.

“அக்கா வீட்டுக்குப் போறேன். ஊசியில நூல் கோக்க வேற ஆளப் பாருங்க. என் மூஞ்சியப் பாக்கத்தான் உங்களுக்குப் புடிக்கலியே!”

அவன் தடவித் தடவி ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். கண் டாக்டர் எழுதியது. ‘மேக்யுலா.’

“கண்ணுக்குள்ள இருக்கிற நடுப்புள்ளியாம். ரெண்டுலயும் செத்துப்போச்சு. நேராப் பாத்தா உன் மூஞ்சி இருக்கிற இடத்துல இருட்டுதான். காதோரம் பாத்தாதான் கொஞ்சமாவது தெரியிற. தொழில் போயிடுமேன்னு சொல்லல.”

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“ஆமா, உன் மூஞ்சிக்கு என்ன?” என்று காதைப் பார்த்துக் கேட்டான்.