சின்னவள் வந்த வழி

“சின்னவளைத் தனியா அனுப்பிட்டீங்களா?” போனில் மனைவி வெடித்தாள்.

ஏர்போர்ட் வரிசையில் நின்ற அவள் கணவர், ஒரு மெக்கானிக், குரலைத் தாழ்த்தினார். “காலையிலயே கிளம்பிட்டா. என் ஃப்ளைட் ஒரு மணி நேரம்தான். அவளுக்கு முன்னாடி நான் வீட்டுல நிப்பேன், பாரு.”

“நானூறு கிலோமீட்டருங்க! போகும்போது வேன்ல பின்னாடி கிடந்தவ. அவளுக்கு எப்படி வழி தெரியும்? யார்கிட்டயாவது கேக்கத்தான் முடியுமா?”

“வந்துடுவா, விடு” என்றார். ஆனாலும் மறுபடி மணியைப் பார்த்தார்.

அந்த ஒரு மணி நேரம் வானத்தில் மட்டும்தான். விமானம் தாமதம், பெட்டி வரத் தாமதம், டாக்ஸி நெரிசலில் ஊர்ந்தது. வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

வாசலில் நின்ற மனைவி திட்டவில்லை. மேலே கையைக் காட்டினாள்.

மொட்டை மாடிக்கு ஓடினார். கூண்டு வாசலில், காலில் பந்தய வளையத்தோடு, ஒன்றுமே நடக்காதது போலத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது அந்தச் சாம்பல் புறா.

“எப்ப வந்தா?”

“மதியமே வந்துட்டா. மூடின பெட்டிக்குள்ள போனவ, ஒரு ரோட்டைக்கூடப் பார்க்காதவ. எப்படிங்க?”

அவர் வானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நான் போயிட்டு வந்த ஊரு இங்கேருந்து எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியலையேம்மா!”