டிரையருக்கு ஏறிய சூடு

மொட்டை மாடியில் துணி உலர்த்தக் கொடி கட்டிய நாளிலிருந்து டிரையருக்கு வேலையில்லை. விற்றுவிடலாமா என்றுகூட வீட்டில் பேச்சு அடிபட்டது.

ஒருநாள், மாடிக்குப் போகக் காத்திருந்த வாளியில் கிடந்த ஈரத் துண்டு ஒன்றைப் பார்த்து டிரையர் கேட்டது.

"மேல உங்களையெல்லாம் காயவைக்கிறது யாருப்பா? என்னைவிடப் பெரிய மெஷினா?"

"தெரியலையே," என்றது துண்டு. "சத்தமே போடாது. நிமிர்ந்து பார்த்தா கண்ணு கூசும்."

"பிளக் எங்க இருக்கு?"

"நானும் தேடிப் பார்த்தேன், காணோம். கதவும் கிடையாது. பக்கத்து வீட்டுப் புடவையும் அதுலதான் காயுது."

"அடுத்த வீட்டுத் துணியுமா?" டிரையரால் நம்ப முடியவில்லை. "மழை வரட்டும், அப்ப என்கிட்டதானே வரணும்."

"வருவோம்," என்றது துண்டு.

வெயில் தாழும் முன்பே வீட்டுக்காரி செண்பகவல்லி காய்ந்த துணிகளை அள்ளி வந்தாள். மடிக்கச் சோம்பல்பட்டு அத்தனையையும் டிரையரின் தலையிலேயே குவித்துவிட்டுப் போனாள். அடியில் கிடந்த துண்டு மொடமொடவென்று இருந்தது. அதன் சூடு இன்னும் ஆறவில்லை.

டிரையர் துண்டிடம் மெல்லக் கேட்டது.

"இன்னிக்கு நான் ஓடவே இல்லையே. என் உடம்பு எப்படிச் சூடாச்சு?"